கவிதையா, பாட்டா, விளம்பரமா? நுண்வாசிப்புக் கட்டுரைக்கு எதை எடுப்பது

அமெரிக்க இலக்கியத் தாளில் நுண்வாசிப்புக் கட்டுரை ஒன்று எழுதச் சொல்கிறோம். கவிதை அல்லது சிறுகதை எடுக்கலாம், பாட்டு எடுக்கலாம், விளம்பரம் எடுக்கலாம். பத்துப் பக்கம், மூன்று வாரம். அறிவித்த மறுநாளே ஆசிரியர் அறை வாசலில் யாராவது நிற்பார்கள். "விளம்பரம்தானே மேடம் சுலபம்? அதையே எடுத்துக்கொள்ளட்டுமா?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. விளம்பரம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டு ஏற்கெனவே காதில் ஓடிக்கொண்டிருக்கும், கவிதை என்றாலே பள்ளி நாட்களின் பயம். ஆனால் பல ஆண்டுகளாக இந்தக் கட்டுரைகளைத் திருத்தி வருகிற எனக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. முதல் கட்டுரைக்குக் கவிதைதான் பாதுகாப்பானது. மூன்றிலும் கடினமானது விளம்பரம். ஏன் என்று சொல்கிறேன். விளம்பரத்தையே எடுக்க வேண்டிய மாணவர்களும் உண்டு. அவர்கள் யார் என்பதையும் சொல்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பிரதி முழுவதும் ஒரே பார்வையில் அடங்குகிறதா என்பது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி "ஏன் நீ? ஏன் இங்கே?" என்று கேட்பதுதான் நுண்வாசிப்பு. நாவல் முழுவதையும் அப்படிக் கேட்க முடியாது. ஒரு பத்தியைக் கேட்கலாம்.

இரண்டாவது, சொன்னதற்கும் உணர்த்தியதற்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பது. இது நமக்குப் புதிதில்லை. இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் தொல்காப்பியம் பெயரிட்ட மறைபொருளைத்தான் வேறொரு மொழியில் தேடப் போகிறோம். இடைவெளி இல்லாத பிரதியை எடுத்தால் பத்துப் பக்கமும் பொழிப்புரையாகிவிடும்.

மூன்றாவது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதா என்பது. சங்கப் பாடலின் கீழே "தலைவி தோழிக்குச் சொல்லியது" என்று ஒரு குறிப்பு நிற்கும். அமெரிக்கப் பிரதிகளுக்கு அந்தக் குறிப்பை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் பிரதி இன்னும் உங்களுக்குப் பிடிபடவில்லை.

நான்காவதும் ஐந்தாவதும் நடைமுறைக் கணக்கு: நம்பத்தகுந்த மூலம் கைக்குக் கிடைக்குமா, அதைப் பற்றி ஏற்கெனவே எவ்வளவு எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

தெரிவு 1: கவிதை அல்லது சிறுகதை

ராபர்ட் ஃபிராஸ்ட்டின் "தேர்ந்தெடுக்காத பாதை" கவிதையை எடுத்துக்கொள்வோம். 1915இல் இதழில் வெளிவந்து 1916இல் தொகுப்பில் சேர்ந்தது. நான்கு பத்தி, இருபது வரி. பள்ளிப் பாடநூலிலேயே படித்தவர்கள் நம்மிடையே நிறைய. பெரும்பாலான மாணவர்கள் இதைத் தன்னம்பிக்கைக் கவிதையாக நினைவில் வைத்திருக்கிறார்கள்: ஊரார் போகாத வழியில் துணிந்து போனான், வென்றான்.

காட்டில் இரண்டாகப் பிரியும் பாதையில் நின்று ஒன்றைத் தேர்ந்தவன் பேசும் கவிதை இது. இப்போது இரண்டாம் பத்திக்குப் போங்கள். இந்தப் பாதையில் புல் அடர்ந்திருந்தது, நடப்பதற்கு ஆள் வேண்டி நின்றது என்று தொடங்குகிறான். பத்தி முடிவதற்குள், அங்கே நடந்தவர்களால் இரண்டும் உண்மையில் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன என்று தானே திருத்திக்கொள்கிறான். மூன்றாம் பத்தியின் முதல் வரியும் அதையே சொல்கிறது. அன்று காலை இரண்டும் ஒரேபோலக் கிடந்தன. அப்படியானால் ஆள் குறைவாக நடந்த பாதை என்பது எங்கிருந்து வந்தது?

கடைசிப் பத்தியில் வினைச்சொல்லின் காலத்தைப் பாருங்கள். எதிர்காலம். எத்தனையோ காலம் கழித்து எங்கோ ஓரிடத்தில், ஒரு பெருமூச்சோடு இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறான். ஆள் குறைவாக நடந்த பாதை அவன் அன்று கண்ணால் கண்டதில்லை, பின்னாளில் சொல்லப்போகும் கதை. அந்த இடத்தில் "நான்" என்ற சொல் வரி முடிவில் ஒருமுறை வருகிறது. ஒரு கோடு. அடுத்த வரி மறுபடியும் "நான்" என்றே தொடங்குகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுபவரின் தயக்கம் அது. அந்த ஒரு கோட்டைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதிய மாணவியை எனக்குத் தெரியும். ஒரு சொல் வீணில்லாத இரண்டு பக்கம்.

பிறகு சூழல். ஃபிராஸ்ட் இங்கிலாந்தில் இருந்தபோது எட்வர்ட் தாமஸ் என்ற நண்பரோடு நெடுநடை போவார். எந்த வழியில் போனாலும், மற்ற வழியில் போயிருக்கலாமே என்று வருந்துவது தாமஸின் வழக்கம். கவிதை அவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. தாமஸ் படையில் சேர்ந்து 1917 ஏப்ரலில் அராஸ் போர்முனையில் இறந்தார். இந்தத் தகவல் கட்டுரைக்கு ஒளி தரும். ஆனால் இது இல்லாமலேயே, வெறும் இருபது வரியை வைத்து முக்கால் கட்டுரையை எழுதிவிடலாம். கவிதையைப் பாதுகாப்பானது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். சாட்சியம் முழுவதும் ஒரே தாளில் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு என்ன? புகழ்பெற்ற கவிதை என்றால் உரைக்குறிப்புகள் மலையாகக் கிடக்கும். முதல் நாளே அவற்றைப் புரட்டினால் உங்கள் கண் மூடிவிடும். மேலே நான் சொன்ன வாசிப்பும் புதியதில்லை, பலர் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கென்று ஒரு வரியாவது மிஞ்ச வேண்டுமென்றால் குறைவாகப் பேசப்பட்ட கவிதையை எடுங்கள்.

அடுத்த செலவு பதிப்பு. எமிலி டிக்கின்சன் ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடு இருந்தபோது அச்சேறியவை பத்துச் சொச்சம்தான். இறந்தபின் பதிப்பித்தவர்கள் அவருடைய கோடுகளை எடுத்துவிட்டு வழக்கமான நிறுத்தக்குறிகளைப் போட்டார்கள், சொற்களையும் திருத்தினார்கள். தாமஸ் ஜான்சனின் 1955ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கோடுகள் முழுமையாகத் திரும்பி வந்தன. பழைய பதிப்பிலிருந்து நகலெடுத்து டிக்கின்சனின் காற்புள்ளியைப் பற்றி எழுதினால், வேறு யாரோ வைத்த புள்ளிக்கு உரை எழுதியதாகிவிடும்.

சிறுகதைக்கும் இதே கணக்குதான், நீளம் மட்டும் கூடுதல். ஹெமிங்வேயின் "வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்" 1927இல் வந்தது. ஸ்பெயினில் ஒரு ரயில் நிலையத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசிக்கொண்டிருப்பதே கதை. அவர்கள் விவாதிப்பது கருக்கலைப்பு. அந்தச் சொல் கதையில் எங்குமே இல்லை. இடைவெளி வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் பல இடங்களில் யார் பேசுகிறார்கள் என்ற குறிப்பே இராது. பென்சிலால் ஓரத்தில் அவன், அவள் என்று குறித்துக்கொண்டே படியுங்கள்.

தெரிவு 2: பாட்டு

பாட்டை எடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, பாட்டை விட்டுவிட்டு வரிகளை மட்டும் படிப்பது.

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1939 ஏப்ரலில் பதிவு செய்த "விசித்திரக் கனி" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் ஏபல் மீரோபோல், நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். கறுப்பினத்தவரைக் கும்பல் மரத்தில் தூக்கிலிட்ட படுகொலை ஒன்றின் புகைப்படம் அவரை விடாமல் துரத்தியது. 1937இல் கவிதையாக வெளியிட்டார், பிறகு இசையமைத்தார். பாட்டாசிரியராக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் லூயிஸ் ஆலன். ஹாலிடேயை ஒப்பந்தத்தில் வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் பதிவு செய்ய முன்வரவில்லை. கமடோர் என்ற சிறிய நிறுவனம் பதிவு செய்தது.

பன்னிரண்டு வரிதான். தென்மாநிலத்து மரங்கள், அவற்றில் தொங்கும் கனி, தென்றல், மக்னோலியா மலரின் இனிய மணம். கொலை என்ற சொல் இல்லை. கொன்றவர்களும் இல்லை. மரம் காய்க்கிறது, காற்று அசைக்கிறது, காக்கை கொத்துகிறது, வெயில் அழுக வைக்கிறது. எல்லா வினையும் இயற்கையின் வினை. மனிதக் கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மரம், பூ, பறவை என்று கருப்பொருளை அடுக்கி அதற்குள் உரிப்பொருளை, அதாவது உணர்வை, ஒளித்துவைக்கும் முறை தெரிந்த தமிழ் மாணவருக்கு இங்கே மற்றவர்களைவிடக் கூர்மையான கண் இருக்க வேண்டும். மலர்மணம் ஒரு வரி, அடுத்த வரியில் எரியும் சதையின் நாற்றம். தென்மாநிலத்தார் தம் மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமைச் சொற்களை, வீரம் என்றும் நாட்டுப்புற எழில் என்றும் சொல்லிக்கொள்பவற்றை, பாட்டு அப்படியே எடுத்துப் பிணத்தின் பக்கத்தில் வைக்கிறது.

இதுவரை சொன்னது கவிதை வாசிப்பு. இனிமேல்தான் பாட்டு. அந்த 1939ஆம் ஆண்டுப் பதிவில் குரல் வருவதற்கு முன் ஒரு நிமிடத்துக்கு மேல் இசைக்கருவிகள் மட்டுமே ஒலிக்கின்றன. மூன்று நிமிடச் சொச்சப் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு காத்திருப்பு. கஃபே சொசைட்டி என்ற நியூயார்க் விடுதியில் ஹாலிடே இதை நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டாகப் பாடுவார். பரிமாறுபவர்கள் வேலையை நிறுத்துவார்கள், விளக்குகள் அணையும், அவர் முகத்தில் மட்டும் ஒரு ஒளிவட்டம் விழும். பாட்டு முடிந்து விளக்கு எரியும்போது மேடையில் ஆள் இருக்கமாட்டார். "யார் யாரிடம்" என்ற கேள்விக்கு இப்போது பதில் எழுதிப் பாருங்கள். அச்சுப் பிரதியில், புகைப்படத்தைக் கண்டு கலங்கிய ஒரு வெள்ளையின ஆசிரியர் தம்மைப் போன்ற வாசகர்களிடம் பேசுகிறார். விடுதியில், ஒரு கறுப்பினப் பெண் தன் எதிரே குடித்துக்கொண்டிருப்பவர்களிடம் பேசுகிறாள். சொற்கள் அதே சொற்கள். கூற்று மாறிவிட்டது. நல்ல கட்டுரை பிறப்பது இந்த இடத்தில்தான்.

செலவுகள் மூன்று. இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் பிழை மலிந்திருக்கும், கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எந்தப் பதிவு என்று உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் நினா சிமோன் 1965இல் பாடியது வேறொரு பாட்டுப்போலவே இருக்கும். மூன்றாவதும் பெரியதும், ஓசையைச் சொல்லில் வடிக்கும் திறன். "உருக்கமாகப் பாடுகிறார்" என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்று பொருள். எந்தச் சொல்லை நீட்டினார், எங்கே மூச்சு எடுத்தார், எங்கே தாளத்துக்குப் பின்தங்கினார் என்று எழுத வேண்டும்.

பல்லவியை மட்டும் கேட்டு முடிவுகட்டும் ஆபத்தும் உண்டு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் "அமெரிக்காவில் பிறந்தவன்" 1984இல் வந்தபோது அதன் முழக்கத்தைக் கேட்டுத் தேசப் பெருமைப் பாட்டு என்று நம்பியவர்கள் ஏராளம். சரணங்களில் இருப்பவன் வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலைகிறவன். முழக்கத்துக்கும் சரணத்துக்கும் உள்ள அந்த முரணே அருமையான கட்டுரைப் பொருள்.

தெரிவு 3: விளம்பரம்

விளம்பரம் ஏன் கடினம்? தன்னை விளக்கிவிடுவதே அதன் தொழில் என்பதால்தான். நீங்கள் கண்டுபிடித்ததாக நினைப்பது பெரும்பாலும் அது உங்களுக்குக் காட்ட விரும்பியதாகவே இருக்கும்.

வோக்ஸ்வேகன் காருக்காக 1960இல் அமெரிக்க இதழ்களில் வந்த விளம்பரம் ஒன்று. கறுப்பு வெள்ளையில் ஒரு கார், அதன் கீழே ஒற்றைச் சொல் தலைப்பு: "எலுமிச்சை". ஒரு மாணவர் இதற்கு நான்கு பக்கம் எழுதி வந்தார். எலுமிச்சையின் புத்துணர்ச்சி, மஞ்சள் நிறத்தின் மகிழ்ச்சி, புளிப்பு, சுவை. உழைப்பு முழுவதும் வீண். அமெரிக்க வழக்கில் எலுமிச்சை என்றால் வாங்கி ஏமாந்த பழுதான கார். தன் காரையே பழுது என்று சொல்லி வாசகரை நிறுத்திவிட்டு, கையுறைப் பெட்டியின் குரோமியப் பட்டையில் ஒரு சிறு கறை இருந்ததால் இந்தக் காரை ஆலையிலேயே கழித்துவிட்டோம் என்கிறது கீழேயுள்ள வாசகம். படத்தில் அந்தக் கறை தெரியாது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. "உங்கள் கண்ணுக்குத் தெரியாததும் எங்களுக்குத் தெரியும்" என்பதைப் படமே செய்து காட்டிவிடுகிறது. அந்த மாணவரிடம் இதை மட்டும் சொன்னேன். மறுவாரம் அவர் எழுதி வந்தது அந்த ஆண்டின் நல்ல கட்டுரைகளில் ஒன்று.

முதல் செலவு இதுவே. அந்த ஊரின், அந்த ஆண்டின் பேச்சுவழக்கு தெரிய வேண்டும். இரண்டாவது, பிரதி எங்கே முடிகிறது என்பது. எந்த இதழ், எந்தப் பக்கம், யார் பணம் கொடுத்தார்கள், யார் வாங்குவார்கள் என்பதெல்லாம் பொருளின் பகுதி. மூன்றாவது, பெயர்ப்பட்டியல் நோய். நம்பகம், உணர்ச்சி, தர்க்கம் என்று அரிஸ்டாட்டிலின் மூன்று பெட்டிகளை வரைந்து ஒவ்வொன்றிலும் இரண்டு எடுத்துக்காட்டைப் போட்டுவிட்டு வாசிப்பு முடிந்தது என்று எண்ணிவிடுவது. பெட்டிக்குள் போட்டபின்தான் வேலை தொடங்குகிறது.

நான்காவது, விளைவைப் பற்றிய துணிச்சலான கூற்று. 1964 செப்டம்பர் 7 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் தேர்தலுக்காக ஒளிபரப்பான "டெய்சி" விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள், எண்களைத் தவறாகச் சொல்கிறாள். ஓர் ஆண் குரல் பத்திலிருந்து கீழிறங்கி, பிழையில்லாமல் எண்ணுகிறது. காமிரா அவள் கண்ணுக்குள் போகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. எதிர்வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டரின் பெயர் எங்கும் இல்லை. கட்டண விளம்பரமாக ஒரே ஒருமுறைதான் ஒளிபரப்பானது. நவம்பரில் ஜான்சன் 44 மாநிலங்களை வென்றார். உடனே "இந்த விளம்பரத்தால் வென்றார்" என்று எழுதிவிடுகிறார்கள். அறுபது நொடிப் பிரதியை வைத்து அதை யாராலும் நிறுவ முடியாது. குழந்தையின் பிழையான எண்ணும் இயந்திரத்தின் பிழையற்ற எண்ணும் எதிரெதிரே வைக்கப்பட்டிருப்பதைப் பற்றி எழுதுங்கள். அதை நிறுவலாம்.

தெரிவு 4: இரண்டை இணைப்பது

ஆய்வேடு எழுதுபவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். "டெய்சி" விளம்பரத்தின் முடிவில் ஜான்சனின் குரல், நாம் ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும், அல்லது மடிய வேண்டும் என்கிறது. அது டபிள்யூ. எச். ஆடன் நியூயார்க்கில் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தைப் பற்றி எழுதிய "செப்டம்பர் 1, 1939" கவிதையின் வரியை ஏறக்குறைய அப்படியே எடுத்தது. ஆடனுக்கோ அந்த வரியே பின்னர் உறுத்தியது. நேசித்தாலும் மடியத்தானே போகிறோம்? 1955இல் ஒரு தொகுப்புக்காக "அல்லது" என்பதை "மேலும்" என்று மாற்றினார். பிறகு தம் தொகுப்புகளிலிருந்து கவிதையையே நீக்கிவிட்டார். கவிஞன் பொய் என்று கைவிட்ட "அல்லது" விளம்பரத்துக்குத் தேவைப்பட்டது. வாக்குச்சீட்டில் "அல்லது" தவிர வேறு இணைப்புச்சொல் கிடையாது. ஓர் இடைச்சொல்லில் ஓர் ஆய்வேடு அடங்கியிருக்கிறது.

இதேபோல் லீவைஸ் நிறுவனம் 2009இல் தன் ஜீன்ஸ் விளம்பரத்துக்கு வால்ட் விட்மனின் கவிதைகளை எடுத்தது. அவருடையது என்று கருதப்படும் பழைய மெழுகு உருளைப் பதிவின் குரலும் அதில் ஒலித்தது. செலவைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பிரதிகளையும் தனித்தனியே முழுமையாகப் படித்த பிறகே இணைக்க முடியும்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | கவிதை / சிறுகதை | பாட்டு | விளம்பரம் |
|---|---|---|---|
| ஒரே பார்வையில் அடங்குமா | கவிதை அடங்கும், சிறுகதை ஓரளவு | வரி அடங்கும், ஓசை அடங்காது | அடங்குவதுபோல் தோன்றும் |
| சொன்னதற்கும் உணர்த்தியதற்கும் இடைவெளி | மிகுதி | வரிக்கும் குரலுக்கும் நடுவே மிகுதி | உண்டு, ஆனால் திட்டமிட்டு வைத்தது |
| யார் யாரிடம் | பிரதிக்குள்ளேயே தேடலாம் | பாடுபவர் மாறினால் மாறும் | வெளியே போய்த் தேட வேண்டும் |
| மூலம் | நூலகப் பதிப்பு, பதிப்பைச் சரிபார்க்க | பதிவும் ஆண்டும் குறிக்க | முதலில் வந்த இதழ் அல்லது ஒளிபரப்பு தேவை |
| ஏற்கெனவே எழுதப்பட்டவை | மலைபோல் | நடுத்தரம் | புகழ்பெற்ற சிலவற்றுக்கு மட்டும் மிகுதி |

யாருக்கு எது

முதன்முறை எழுதுகிறீர்கள், கையில் மூன்று வாரம், நூலக அட்டை மட்டும்தான் துணை என்றால் இருபது வரிக்குள் ஒரு கவிதை. யோசிக்கவே வேண்டாம்.

சங்கீதமோ தாளமோ கற்றவர் என்றால் பாட்டு. உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத சொற்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். அமெரிக்க வரலாற்றில் ஆர்வம் உள்ளவருக்கும் பாட்டு பொருந்தும். ஆனால் வரலாறு கட்டுரையை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதழியல், காட்சித் தொடர்பியல் பக்கம் போக நினைப்பவர்களும், ஏற்கெனவே ஒரு நுண்வாசிப்புக் கட்டுரையை எழுதித் தேறியவர்களும் விளம்பரத்தை எடுக்கலாம். முதலில் அச்சு விளம்பரம். காணொலி அதற்குப் பிறகு.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். எடுக்க நினைக்கும் பிரதியைக் கையால் எழுதுங்கள். பாட்டு என்றால் கேட்டு எழுதுங்கள், விளம்பரம் என்றால் படத்தையும் சேர்த்து வரைந்துகொள்ளுங்கள். மேலே "யார் யாருக்குச் சொல்லியது" என்று ஒரு வரி. ஓரத்தில் "ஏன் இந்தச் சொல்" என்ற கேள்விகள். ஒரு மணி நேரத்தில் ஐந்து கேள்வி வந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டோடு நின்றுவிட்டால் வேறொன்றை எடுத்துக்கொண்டு, அந்தத் தாளோடு என் அறைக்கு வாருங்கள். வெற்றுத்தாளோடு மட்டும் வராதீர்கள்.